கிணற்றில் இல்லாத காரீயம்

கொல்லங்கோட்டில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியிருப்பவர் ஆனந்தி ஒருவர்தான். காணாமல் போன மாடுகளும் மாப்பிள்ளை விசாரிப்புகளுமாகப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை கோவிந்தாபுரத்து விவசாயி நவீன்குமார் அரிவாளோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, எம்பட புள்ள ஆஸ்பத்திரில துடிக்குதுங்க. ரத்தத்துல காரீயமாமுங்க. பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி பழைய பேட்டரி உடைக்கறான். அவந்தான் எங்க கிணத்தைக் கெடுத்துப்போட்டான். நீங்க இன்னைக்கு நிரூபிக்கலீன்னா நானே அவனை வெட்டிப்போடுவனுங்க!"

ஆனந்தி அரிவாளை வாங்கி மேசைக்கடியில் வைத்தார். உதவியாளர் டின்சி அதற்குள் கருவிப் பெட்டியோடு வண்டியில் ஏறிவிட்டாள். கல்லூரியில் அவளே செய்த கருவி அது. சின்ன அட்டையில் ஒரு புரதம் பூசியிருக்கும். காரீயம் பட்டால் புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். அட்டையில் ஓடும் மின்சாரம் மாறும். திரையில் எண் ஏறும்.

நவீன்குமாரின் தோட்டத்துக் கிணற்று நீரில் எண் ஏறவில்லை. குழாய் நீரிலும் ஏறவில்லை.

"அட்டை வெயில்ல கேடாயிருக்கும் மேடம். புரதம் சூடு தாங்காது" என்றாள் டின்சி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க மிசினுக்கும் அவன் லஞ்சம் குடுத்துட்டானா?" என்று கத்தினார் நவீன்குமார்.

"சோதிச்சுப் பார்க்கன்னு காரீயம் கலந்த தண்ணி வெச்சிருக்கியே, அதுல ஒரு சொட்டு விடு" என்றார் ஆனந்தி. டின்சி விட்டாள். எண் சரசரவென்று ஏறியது. கருவியில் ஒரு குறையும் இல்லை.

"ஆஸ்பத்திரில சேர்த்த பிறகு பாப்பாவுக்கு எப்படி இருக்குதுங்க?"

"காரீயம் இன்னும் ஏறிருக்குதாமுங்க. உள்ள போறது நின்னாத்தான் மருந்து கேக்குமாம். இன்னொருக்கா வலிப்பு வந்தா..."

"அங்கயும் உங்க கிணத்துத் தண்ணிதானா?"

"இல்லீங்க. ஆஸ்பத்திரித் தண்ணி."

"சாப்பாடு?"

"அவங்கம்மா தனியா வெச்சுக் கொண்டுபோற ரசஞ்சோறு. வேற எதையும் தொடமாட்டீங்குது."

"நோவு எப்ப ஆரம்பிச்சுது?"

"மாரியம்மன் நோம்பி கழிஞ்சதுலிருந்துங்க."

"நோம்பிக்குப் பித்தளைச் சீர்ப் பாத்திரத்துக்கெல்லாம் உள்ள ஈயக் கலாய் பூசினீங்களா?"

"வருசா வருசம் பூசறதுதானுங்க. இந்தத் தடவை பழைய ஆளு வரல. சந்தையில புதுசா ஒருத்தன் பூசிக் குடுத்தான்."

பழி சுமந்த காளிச்சாமியும் நேரில் பார்க்கட்டும் என்று அவரையும் ஏற்றிக்கொண்டு ஆனந்தி ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். கட்டிலருகே குழந்தையின் அம்மா பிரதீபா பித்தளைத் தூக்குப்போசியைத் திறந்து, மகளின் வாய்க்குக் கரண்டியைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா!" என்று ஆனந்தி அந்தக் கையைப் பிடித்தார்.

டின்சி ரசத்தின் புளிப்பை அடக்கும் மருந்துநீரைக் கலந்து அட்டையில் விட்டாள். எண் ஏறிக்கொண்டே போனது.

"கிணறு இங்க வரல, ஆனா காரீயம் வந்துட்டே இருந்துச்சு" என்றார் ஆனந்தி. "அப்ப அது பாப்பா சாப்பாட்டுலதான் இருக்கணும். கலாய்க்குச் சுத்தமான வெள்ளீயம் வேணும். உங்களுக்குப் பூசின புது ஆளு மலிவான காரீயத்தைக் கலந்துட்டான். புளி அதைக் கரைச்சு ரசத்துல இறக்கிடுச்சு."

பிரதீபாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "மூணு வேளையும் நானே ஊட்டினனே..." என்று அவள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். ஆனந்திக்கும் கண் கலங்கியது.

நவீன்குமார் தலைகுனிந்தபடி காளிச்சாமியிடம் போனார். காளிச்சாமியோ அவர் சொல்ல வந்ததைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. சட்டைப்பையில் போனைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நாங்களும் அந்தச் சந்தைக்காரங்கிட்டத்தான் பூசினமுங்க. எம்பட பேரனுக்கு நேத்திலிருந்து வவுத்துவலி. ஊட்டுல இப்பச் சோறு போட்டிருப்பாங்க."

நவீன்குமார் ஆனந்தியிடமிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கினார்.

"சோத்தைத் தொட வேண்டாம்னு போனைப் போட்டுட்டே ஓடியாங்க மாமா!"