நிற்காத வண்டியின் பத்து நிமிடம்

காலை 7.35. புரட்டாசி சனிக்கிழமை. புத்தூருக்கு அருகே ஒரு சிற்றூரில், பெருமாள் கோயில் திரை விலகியபோது சுவாமியின் தலையில் வெள்ளிக் கிரீடம் இல்லை.

எட்டரைக்கு எஸ்.ஐ. அம்சவேணி வந்தார். செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகே விசாரணையைத் தொடங்கினார். கூட்டத்தின் நடுவே டெம்போ ஓட்டும் யோகேஷ் நின்றிருந்தான். விடியலில் பூக்கூடையோடு சன்னிதிவரை போனவன் அவன்தான். பழி நிலைத்தால் மாலைக்குள் சிறை.

"பூவ எறக்கிட்டு எங்கப்பா போன?"

"திருப்பதிக்கு மேடம். நடந்து போற ஒரு அம்மாவுக்குக் காலெல்லாம் கொப்புளம். வுட்டுட்டு அப்டியே திரும்பிட்டேன். போகச்சொல்ல முப்பதுல போனேன். வரச்சொல்ல அறுபது."

வாசல் கேமராவில் வண்டி கிளம்பியது 6.00, திரும்பியது 7.30. திருப்பதி முப்பது கிலோமீட்டர். வண்டியில் கிரீடம் இல்லை.

கோயில் பொறுப்பாளர் தனசேகர் முன்னால் வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, அதில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"முப்பதுக்கும் அறுபதுக்கும் ஆவரேஜ் நாப்பத்தஞ்சு. போக வர அறுபது கிலோமீட்டர். ஒரு மணி இருவது நிமிஷந்தான் ஆவணும். மீதி பத்து நிமிஷம்? நானே பாத்தேன் மேடம். ஏரிக்கரை வேப்பமரத்தாண்ட பத்து நிமிஷம் வண்டி நின்னுக்கினு இருந்துச்சு. அங்கதான் எவங்கிட்டயோ குடுத்துட்டான்."

கூட்டம் தலையாட்டியது.

"நிக்கவே இல்ல மேடம். பெருமாள் மேல சத்தியம்" என்றான் யோகேஷ், கண் கலங்க.

இறங்கிய கையோடு அந்த அம்மா யோகேஷின் போனில்தான் மகனை அழைத்திருந்தாள். அழைப்பு நேரம் 7.00. அம்சவேணி அந்த எண்ணையே அழைத்தார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த மகனிடமிருந்து போனை வாங்கி, அந்த அம்மா பொன்னியம்மாள் பேசினாள்.

"எங்கயும் நிக்கலம்மா. என் காலு குலுங்கக்கூடாதுன்னு எறும்பாட்டம் ஓட்டுச்சு அந்தப் புள்ள. நல்லா இருக்கணும்."

அம்சவேணி மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். சன்னிதியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வேகத்தக் கூட்டிப் பாதியாக்கினா கணக்கு வராது சார். மெதுவா போன நேரம் அதிகம். வேகமா வந்த நேரம் கம்மி. முப்பதுல போக ஒரு மணி. அறுபதுல வர அரை மணி. ஆக ஒன்றரை. வண்டியில வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கு, அறுபதத் தாண்டாது. நிக்க ஒரு நிமிஷங்கூட மிச்சமில்ல. தப்புக் கணக்குல பொறந்த பத்து நிமிஷத்த நீங்க எப்படி கண்ணால பாத்தீங்க?"

தனசேகரின் கை இடுப்புச் சாவிக்கொத்தை மறைக்கப் போனது.

"மாவிளக்குக்கு மாவு இடிச்சது பொம்பளைங்க. உங்க சாவியில ஏது மாவு?"

மடப்பள்ளியில் பூட்டியிருந்த மாவு டின்னுக்குள் கிரீடம் இருந்தது. தனசேகர் தலைகுனிந்து ஜீப்பில் ஏறினார்.

யோகேஷ் கைகூப்பினான். "கணக்கு காப்பாத்திடுச்சு மேடம்."

"கணக்கு மட்டும் இல்லப்பா. போக வர ஒரே வேகத்துல போயிருந்தா அந்த ஆளு போட்ட ஆவரேஜ் சரியாவே வந்திருக்கும். பொய் மாட்டியிருக்காது. அந்த அம்மா காலுக்காக நீ மெதுவா போன பாரு, அதுலதான் வழுக்கி வுழுந்தாரு."

கிரீடம் மறுபடி ஏறியதும் மணி அடித்தது. அம்சவேணி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.