தூங்காத கார்

சார்ஜரின் விளக்கு அன்றைக்கும் மஞ்சளாகவே இருந்தது.

பச்சையாக மாறியிருக்க வேண்டும். குளிர்காலத்துக்கு நிறுத்திவைத்த காரில் பேட்டரி நிரம்பியதும் பச்சை எரியும். அதன்பிறகு சார்ஜர் சும்மா காவல் இருக்கும், வசந்தம் வரைக்கும் வேறு வேலை இல்லை. ஃபெலிக்ஸ் இருபது வருஷமாக இந்தச் சுவாவ்கி ஏரிக்கரையில் பணக்காரர்களின் கார்களைக் குளிர்காலத்தில் பார்த்துக்கொள்கிறவன். எந்தக் காரும் அவனை இப்படிப் படுத்தியதில்லை. இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. சார்ஜர் இது மூன்றாவது. ஏழு வாரமாக ராவும் பகலும் ஊட்டுகிறான், அது தின்றுகொண்டே இருக்கிறது, வயிறு நிறைவதில்லை.

பேட்டரி முன்பக்க டிக்கிக்குள் இருந்தது. அந்த மூடியை அவன் முழுதாக மூடுவதே இல்லை. பூட்டு மின்சாரத்தில் திறப்பது, பேட்டரி உள்ளேயே செத்துவிட்டால் மூடியைத் திறக்க வழியில்லை. பழைய கம்பளித் துண்டு ஒன்றைப் பூட்டின் மேல் போட்டு வாயைப் பாதி திறந்தபடி வைத்திருந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். கிளிப்புகள் இறுக்கமாக இருந்தன. துரு இல்லை. ஒரு குறையும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

போன் அடித்தது. கார்க்காரர் கயேத்தான், தலைநகர் வார்சாவிலிருந்து. ஐயா என்பதற்கு அந்த ஊரில் ‘பான்’, இருவரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“பான் ஃபெலிக்ஸ், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. என் கார்ல உக்காந்துதான் ரேடியோ கேக்கறீங்களா?”

“நானா?”

“என் போன்ல காட்டுதுங்க. பக்கத்து சீட்ல ஆள்னு. நேத்தும் காட்டுச்சு, முந்தாநேத்தும் காட்டுச்சு. இப்பவும் காட்டுது.”

“இப்ப நான் வெளிய நிக்கறேன் பான் கயேத்தான். மூடிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு.”

“அப்ப வீட்டம்மாவா?”

“அவ மாடியில ராத்திரி விருந்துக்கு வாங்கின மீனோட மல்லுக்கட்டறா. தொட்டியில இன்னும் நீந்திக்கிட்டிருக்கு.”

“அப்ப மீன்தான் எந்திரிச்சு வந்து உக்காந்திருக்கு.” கயேத்தான் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இங்க பாருங்க. நாளன்னைக்கு மாமனாரக் கூட்டிட்டு வரேன். ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகணும். ரெண்டு தடவ செத்துப்போச்சு, நான் ஒண்ணும் சொல்லல. மூணாவது தடவைன்னா மாடி ரூம வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. சீட்டு வயர்ல மட்டும் கை வெச்சுடாதீங்க. ஏர்பேக் விளக்கு எரிஞ்சா கம்பெனி ஆள்தான் வரணும்.”

மாடி அறை என்றால் கயேத்தானின் அந்தக் கேரேஜுக்கு மேலே, ஃபெலிக்ஸ் குடியிருந்த இரண்டு அறைகள். மனைவி ஹலினாவின் வலிக்கிற முழங்காலுக்குக் கதகதப்பான ஒரே இடம். ஜனவரியில், மைனஸ் இருபதில், அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

மணி இரண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். முதல் நட்சத்திரம் தெரியும்வரை யாரும் சாப்பிட மாட்டார்கள், அது தெரிய இன்னும் ஒன்றரை மணி நேரம். ஃபெலிக்ஸ் மீட்டரை எடுத்துப் பேட்டரி ஒயரில் மாட்டினான். பக்கத்து சீட்டுப் பக்கக் கதவைத் திறந்து, பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கினான். கதவு திறந்தே கிடக்கும், ஆனால் மூடியிருப்பதாகக் கார் நம்பும், நம்பினால்தான் உள்ளிருக்கும் கருவிகளை அணைத்துவிட்டுத் தூங்கும். சாவியை அழுத்திப் பூட்டினான். கார் அடங்க அரை மணி நேரம் ஆகும். சார்ஜர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

கேரேஜில் ரப்பர் வாசமும் பழைய எண்ணெய் வாசமும் தோல் வாசமும் குளிரில் கெட்டித்துப் போயிருந்தன. மாடியிலிருந்து காய்ந்த காளான் வேகும் வாசம் படி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. வெளியே ஏரியின் பனிக்கட்டி எங்கோ நடுவில் விரிசல் விட்டு, யாரோ நீளமான இரும்புக் கம்பியை இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு சத்தம் கரையிலிருந்து கரைக்குப் போனது. ஜன்னலில் வெளிச்சம் நீலமாகி, நீலத்திலிருந்து சாம்பலாகி, வண்டியின் திறந்த கதவுக்குள் முதலில் இருட்டியது.

அரை மணி கழித்து மீட்டரில் ஐந்து ஆம்பியர். தூங்குகிற காருக்குப் புள்ளி பூஜ்யம் மூன்று போதும். இது முழுசாக விழித்திருந்தது.

“உனக்கு என்னதான் வேணும்?” என்றான்.

கதவருகே மண்டியிட்டான். ஃபியூஸ் பெட்டி சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி மீட்டரை எட்டிப் பார்த்து, திரும்பச் செருகினான். ரேடியோ. ஐந்து. கண்ணாடி. ஐந்து. எச்சரிக்கை மணி. ஐந்து. விரல்கள் மரத்துப்போயின. சீட்டின் விளிம்பு அவன் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. பதினேழாவது ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் புள்ளி பூஜ்யம் மூன்றுக்கு விழுந்தது.

பெட்டி மூடியிலிருந்த படத்தைப் பார்த்தான். பக்கத்து சீட்டு. ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் கருவி.

திரும்பச் செருகினான். ஐந்து. எடுத்தான். புள்ளி பூஜ்யம் மூன்று. செருகினான். ஐந்து.

கண்டுபிடித்தாயிற்று, ஆனால் கைவைக்கக் கூடாத இடம், ஃபியூஸை எடுத்துவைத்தாலும் ஏர்பேக் விளக்கு எரியும். சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆள் உட்கார்ந்திருக்கிறதாகக் கார் நினைக்கிறது, ஆள் இருக்கும்போது அது எப்படித் தூங்கும்? சீட்டில் உள்ளங்கையை வைத்தான். தோல் கல்லாக இருந்தது. அழுத்திப் பார்த்தான், இறங்கவில்லை. ஏற்கெனவே இறங்கியிருந்தது. இரண்டு தொடை அகலத்துக்கு, அடிவரைக்கும். குளிரில் பஞ்சு உறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டான். பக்கத்தில் ஓட்டுநர் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். அது மெத்தென்று புடைத்திருந்தது.

ஏழு வாரம். இரண்டு பேட்டரி. மாடி அறை. ஹலினாவின் முழங்கால். எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தது. சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

“போதும்டா. எந்திரி. எந்திரிச்சுத் தொலை.”

தோல் முனகியது.

மெல்ல. பள்ளம் மேலே வந்தது. ஒரு சுருக்கம் விரிந்தது. இன்னொன்று. வண்டி அந்தப் பக்கம் ஒரு விரல் அளவு உயர்ந்தது.

மீட்டரில் புள்ளி பூஜ்யம் மூன்று. ஃபியூஸ் எல்லாம் அதனதன் இடத்தில்.

அவன் மண்டியிட்டபடியே இருந்தான். கன்னத்தை ஒட்டி ஒரு குளிர் போனது. பின்னால் முக்காலி கிறீச்சிட்டது. திரும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் சார்ஜரை மட்டும் பார்த்தான்.

பச்சை.

“நட்சத்திரம் வந்தாச்சு,” ஹலினா படியிறங்கி வந்தாள். அடுப்பு ஆவியில் அவள் கண்ணாடி வெள்ளையாக இருந்தது. “நீ இன்னும் அந்தச் சனியனோடயா? மீனு ஆறிப்போச்சு.”

“பச்ச எரியுது,” என்றான். 

“எரியுதா? நிஜமாவா?” அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். “அப்ப நாம இங்கயே இருக்கலாம். அப்பாடா. நில்லு, காலு வலிக்குது, ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்.”

முக்காலிப் பக்கம் குனிந்தாள். அந்த ஊர் வழக்கப்படி அந்த ஒரு நாள் மட்டும் எங்கே உட்காருவதானாலும் ஊதிவிட்டுத்தான் உட்காருவார்கள். இறந்தவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் மேல் உட்கார்ந்துவிடக் கூடாது. காலையிலிருந்து ஹலினா ஒவ்வொரு நாற்காலியிலும் ஊதிக்கொண்டிருந்தாள். ஃபெலிக்ஸ் இரண்டு மணிக்கு ஊதாமலேதான் உட்கார்ந்தான்.

அவள் ஊதினாள். மூச்சு வெள்ளையாகப் புறப்பட்டது. முக்காலிக்கு மேலே போய் நின்றது. இரண்டாகப் பிரிந்தது. ஒரு மார்பைச் சுற்றி. இரண்டு தோள்களைச் சுற்றி.

“உக்காராத.”

“ஏன்?”

“அழுக்கு.”

“முப்பது வருஷமா உன்கூட உக்காந்திருக்கேன், இப்பதான் அழுக்கு தெரியுதாக்கும்.” கண்ணாடியைக் கழற்றி ஏப்ரன் துணியில் துடைத்தபடி படியைப் பார்க்கத் திரும்பினாள். “சரி வா. வழக்கம்போல ஒரு தட்டு கூடுதலா வெச்சிருக்கேன். வர்றவங்க யாரா இருந்தாலும் வரட்டும்.”

முக்காலிக்கு மேலிருந்து இன்னொரு மூச்சு வந்தது. அவளுடையது இல்லை. அவனுடையது இல்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அது எழுந்தது. உட்கார்ந்தவன் உயரத்திலிருந்து நின்றவன் உயரத்துக்கு.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். போய்க் கார் சீட்டிலேயே உட்காரு. எழு என்றபோது கேட்டது, இதையும் கேட்கும். பிறகு மஞ்சள் எரியும். நாளை மறுநாள் கயேத்தான் வருவார். ஃபெலிக்ஸ் வாயைத் திறந்தான்.

பச்சை விளக்கைப் பார்த்தான்.

வாயை மூடிக்கொண்டான்.

ஹலினா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள், மீனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே. அவள் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. அவள் பிடரிக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், அவள் நின்றால் நின்று, ஏறினால் ஏறி, இன்னொன்று வந்துகொண்டிருந்தது.