பதிவாகாத அருவி

இதை யாரிடமும் சொல்லக்கூடாது. கருவி அணைந்துதான் இருக்கிறது. நல்லது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.

திலகமணி சிராய்த்த முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பாறையில் உட்கார்ந்து எதிரே பார்த்தாள். கண்ணைக் கட்டியிருந்த கறுப்புத் துணி கழுத்தில் கிடந்தது.

உணர்படம் எடுப்பவர்களைக் காட்டுக்குள் கண்ணைக் கட்டித்தான் அழைத்துப்போவார்கள். இடம் வந்ததும் கருவியை இயக்கிவிட்டு, பிறகுதான் கட்டை அவிழ்ப்பார்கள். கருவி காட்சியை மட்டும் பிடிப்பதில்லை. பார்க்கிறவரின் வியப்பையும் நெற்றிப்பட்டை வழியாகச் சேர்த்துப் பிடிக்கிறது. முதல் பார்வையின் வியப்புக்குத்தான் மதிப்பு. இரண்டாம் முறை பார்த்தால் பாதிகூடத் தேறாது.

பூங்காவுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே உணர்வளையை வாங்கித் தலையில் மாட்டிக்கொள்வார்கள். அருவியின் முன் நின்றதும், பதிவாகியிருக்கும் திலகமணியின் வியப்பு அவர்களுக்குள் இறங்கும். மூன்றாவது விநாடியில் அவள் விட்ட பெருமூச்சும் அதில் உண்டு. நாற்பது பேர் ஒரே நேரத்தில் தன் பெருமூச்சை விடுவதை ஒருமுறை கூட்டத்தோடு கூட்டமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்று கேட்டாள். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாநிலமே தன் கண்ணால் மலை பார்க்கிறது என்ற பெருமையிலேயே பதினெட்டு வருடங்கள் ஓடிவிட்டன.

இன்று வழுக்குப்பாறையில் கால் பிசகியது. தடுமாறிய வேகத்தில் துணியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

முதலில் அருவி தெரியவில்லை. பல நூறு வருடங்களாகப் பாறையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மரத்தின் வேர்தான் தெரிந்தது. சாரல் பட்டு அதன் நுனி நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே கண் மேலே ஏறியது. பாசி, மரம், அதற்குப் பின்னால் இன்னும் மரங்கள், பாதி வழியில் உடைந்து புகையாகிப்போகும் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே மேகத்துக்குள் தலையைக் கொடுத்துவிட்ட மலை. பெருமூச்சு வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

"என்னம்மா, வாயப் பொளந்துட்டு இருக்கிய? ஈ போயிரும்" என்றாள் வனக்காவலர் பேச்சி. வழியெல்லாம் அவளைக் கைபிடித்து நடத்தி வந்தவள்.

"கருவி ஓடல பேச்சி."

"அய்யய்யோ. சாரு என்னையல்லா ஏசுவாரு!"

பூங்கா இயக்குநர் பெனடிக்ட் ஏசவில்லை. மேலே படப்பிடிப்பு மேடையில் காத்திருந்தவர் நிதானமாக இறங்கி வந்தார்.

"அடி ஒண்ணும் பலமா இல்லயே மேடம்? அப்ப சரி. ஒரு துளி மறதி போட்டுக்கிடுங்க. காலையிலேருந்து பார்த்ததெல்லாம் போயிரும். மத்தியானம் புதுசா கூட்டிட்டு வந்திருவோம்."

சட்டைப்பையிலிருந்து சிறு குப்பியை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். மறதிநீர். இந்தத் தொழிலில் அது தேநீர் மாதிரி. புதிய கருவி வரும்போதெல்லாம் பழைய இடங்களை மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய பார்வை மனதில் இருக்கக்கூடாது. அதனால் ஒவ்வொரு பதிவும் முடிந்த அன்றே ஒரு துளி.

"இந்த அருவிக்கே நாலு தடவை போட்டிருக்கீங்க. ஒரு தடவகூட முகம் சுளிச்சதில்ல."

"நாலா?"

"பதிவேட்டுல இருக்கு மேடம். நாலும் உங்க கையெழுத்துதான்."

திலகமணி உள்ளே தேடிப் பார்த்தாள். நான்கு முதல் பார்வைகளில் ஒன்றுகூட அகப்படவில்லை. அவள் எடுத்துக்கொடுத்த அறுபது மலைகள் ஊராரின் தலைக்குள் பத்திரமாக இருந்தன. அவளிடம் மிஞ்சியிருந்தது கறுப்புத் துணியின் சோப்பு வாசனை மட்டும்.

"ஜனங்க ஒரு தடவை வளை இல்லாம வந்து பார்க்கட்டுமே சார்."

பெனடிக்ட் சிரித்தார். "போன வருஷம் கரண்ட் போயி வளை வேலை செய்யல. இருநூறு பேரு அருவிக்கு முன்னால நின்னுக்கிட்டு, 'எப்ப சார் ஆரம்பிக்கும்?'னு கேக்காங்க. தண்ணி பாட்டுக்குக் கொட்டிக்கிட்டு இருக்கு!"

பேச்சி பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளன்னைக்குப் புதுப் பதிவு வெளியீடு. உங்கள விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா மேடம்?"

வழக்கமாக இந்த வார்த்தைக்குத்தான் அவள் கை நீளும். இப்போதும் நீண்டது. குப்பியையும் மூடியையும் வாங்கிக்கொண்டாள். பழகிய பெருமை நெஞ்சில் எழும்பி வருவது தெரிந்தது. இத்தனை பேருக்கு நான் வேண்டும் என்ற பெருமை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. அந்த வேர் நுனி நடுங்கியதை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் அப்படிப் பார்த்தேன். அதுவும் பெருமைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இல்லை.

"வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க சார். எனக்கு வேண்டாம்."

அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. "என்ன மேடம்?" என்று காதைக் கொடுத்தார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. குப்பியின் மூடியைத் திருகி இறுக்கி, அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.