மாதாவுக்கு வைத்த முகம்

தேவதூதனின் வலது கால் நேற்றுவரை தூணுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. இன்று இந்தப் பக்கம்.

லாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். படுக்கையறைச் சுவரில் மாமியார் காலத்துப் படம்: கன்னி மரியாளிடம் கர்ப்பச் செய்தி சொல்ல, கையில் லில்லிப் பூவோடு வரும் தூதன். சியெனா நகரத்துக் கம்பளி வியாபாரி வீட்டு மூத்த மருமகளான அவளுக்குத் தொட்டில் மட்டும் காலி. எதிர்வீட்டு ஜன்னல்களுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? போன மாதம் இளைய ஓர்ப்படி தெஸ்ஸா வேறு மூன்றாவதை வயிற்றில் சுமந்துகொண்டு வந்து நின்றாள்.

"என்னக்கா, உங்க தூதர் இன்னும் வாசல்லயே நிக்கிறாரா? எங்க அறைக்கு வந்து பழக்கம் அவருக்கு. வேணும்னா வழி சொல்லி அனுப்புறேன்."

அந்த வாரமே லாப்பா ஓவியன் நோஃப்ரியைக் கூப்பிட்டு, மரியாளின் முகத்தைச் சுரண்டிவிட்டுத் தன் முகத்தை வைக்கச் சொன்னாள். படத்துக்குக் காசு கொடுக்கும் பணக்காரர்கள், அதன் ஓரத்தில் சின்னதாக மண்டியிட்டபடி தங்களையும் வரையச் சொல்வது ஊர் வழக்கம். நடுவில் உட்கார ஆசைப்பட்டவள் இவள் ஒருத்திதான்.

"மாத்திடலாம்மா. ஆனா தூதருகிட்ட 'ஆகட்டும்'னு சொன்னது அந்தத் தாயோட வாய். உங்க வாய் இன்னும் சொல்லல. அவரு பதிலுக்குக் காத்திருப்பாரு."

"நீ வரையிறதை வரை. பதிலை நான் சொல்லிக்கிறேன்."

அவன் வரைந்து முடித்த மறுநாள்தான் கால் தூணைத் தாண்டியது. பிறகு முழங்கால். பிறகு சிறகு. மதியத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால், முட்டைக்கரு குழைத்த சாயத்தின் வாடையும் தண்ணீர் மாற்றாத ஜாடியில் அழுகும் பூத்தண்டின் வாடையும் சேர்ந்து தலையணைவரை வந்து நிற்க, திரைகூட அசையாத அந்த அறையில் யாரோ ஈரத்துணியை உதறி உதறி மடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடியிருக்கலாம். கீழே தெஸ்ஸாவின் பிள்ளைகள் சிரித்தார்கள். ஓடவில்லை.

மரியாளுக்குத் தூதன் செய்தி சொன்னதைக் கொண்டாடும் மங்கள வார்த்தைத் திருநாளன்று படத்தில் தூதன் இல்லை. அவன் இருந்த இடத்தில் வெறும் தங்கப்பூச்சு.

கட்டிலருகே தரைப்பலகை முனகியது.

யாரோ மண்டியிட்டார்கள்.

"ஆகட்டும்" என்றாள் லாப்பா.

கோடையில் வயிறு தெரிந்தது. வீதியே வந்து பார்த்துவிட்டுப் போனது. தெஸ்ஸா கையை வைத்தாள், சுட்டதுபோல எடுத்தாள்.

"இது உதைக்கலையேக்கா..."

"பின்னே?"

தெஸ்ஸா சிலுவை போட்டுக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

லாப்பா சட்டையைத் தூக்கினாள். தோலுக்கடியில் ஏதோ விரிந்தது. மடங்கியது. விரிந்தது. சுவரில் அவள் முகம் வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். இங்கே அவள் தொப்புளில், ஈரமாய், வெள்ளையாய், ஓர் இறகின் நுனி.