கையால் எழுதிய மூச்சு

ஆறு மணிச் சங்கு ஊதியதும் சற்குணம் எழுந்து, பல் துலக்குவதற்கு முன்னால், மனைவியின் நுரையீரலை நிறுத்துவார். நான்கே விநாடிதான். வேதவல்லி வாயை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாள். அவள் மார்பில் பதித்திருந்த விரலகலப் பலகையில் ‘நலம்’ என்ற சொல் வளைவும் நெளிவுமாக எழும். உள்ளே லேசான உறுமலோடு காற்று ஓடத் தொடங்கும். பிறகு இருவரும் காப்பி குடிப்பார்கள்.

சந்திரனில் இருக்கும் மேலூரில் செயற்கை நுரையீரல் என்பது மூக்குக்கண்ணாடி மாதிரி. நாற்பதைத் தாண்டினால் தெருவில் பாதிப் பேருக்கு உண்டு. நிலாத்தூசி கண்ணாடிப் பொடியைப் போன்றது, எந்த வடிகட்டிக்கும் முழுக்க அடங்காது. வேதவல்லி பதினெட்டு வருஷம் சுரங்க வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களின் உடுப்பைத் தட்டித் தூசி எடுத்தவள். ஊரார் தூசியை எல்லாம் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஐம்பதாவது வயதில் சொந்த நுரையீரல் இரண்டையும் இழந்தாள்.

ஆனால் மேலூரில் வேறு யாருடைய நுரையீரலையும் காலையில் நிறுத்தி ஓட்ட வேண்டியதில்லை. அவையெல்லாம் தேடகம் என்ற நிறுவனத்தின் ‘மூச்சிழை’ என்ற கணினி நிரலில் ஓடின. வேதவல்லியுடையது கணவர் கையால் எழுதிய நிரலில் ஓடியது. அதில் நாள் முழுக்கச் சேரும் கசடை அன்றன்று துடைக்காவிட்டால் மூச்சு திக்கும்.

“எனக்கும் மத்தவங்க மாதிரியே போட்டு விட்டிருந்தா நானும் இன்னும் பத்து நிமிஷம் தூங்குவேன்ல?” என்று அவள் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்.

“தேடகத்தான் ஒருநாள் கதவைச் சாத்துவான் வேதா. உன் மூச்சு எவன் வாசல்லயும் போய் நிக்கக்கூடாது.”

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் அவர் கொடுத்த வாக்கு அது.

தேடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூமியிலும் நிலாவிலும் யார் எதைத் தேடினாலும் அதனிடம்தான் தேடியாக வேண்டும். தேடலில் வயிறு நிறைந்த பிறகு, நிரல் எழுதும் கருவிகளையும் அது இலவசமாக வாரி வழங்கியது. கருவிகள் நல்ல கருவிகள், பொய் சொல்லக்கூடாது. கோளாறு வேறு இடத்தில். ஐந்து வருஷம் ஊட்டி வளர்க்கும். ஊரே அதன்மேல் வீடு கட்டிக் குடியேறியதும் ஒரு பணிவான கடிதம் வரும்: ‘உங்களோடு இவ்வளவு தூரம் வந்ததில் எங்களுக்குப் பெருமை. வரும் பதினைந்தாம் தேதி முதல் இந்தச் சேவை இயங்காது.’

சற்குணம் வலைத்தளம் கட்டுகிறவராகத் தொழிலைத் தொடங்கியவர். அந்தக் கடிதத்தை வாழ்நாளில் பலமுறை வாங்கியவர். ஒருமுறை ஒரு மருத்துவமனையின் தளத்தை மூன்று மாதத்தில் மூன்று தடவை பிரித்துக் கட்டினார். செயற்கை நுரையீரலும் ஒரு வகையில் வலைத்தளம்தான். மார்புப் பலகை அதன் முகப்பு, காற்றுப்பொறி அதன் பின்கட்டு. மனைவிக்கு என்று வந்தபோது அவர் யாரையும் நம்பவில்லை. மூன்று வருஷம் உட்கார்ந்து பன்னிரண்டாயிரம் வரி எழுதினார்.

மேலூர் நிரலர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேடகம் எந்தக் கருவியை மூடினாலும் பதினாறாம் நாள் காரியம் நடக்கும். கருவியின் சின்னத்துக்குக் காகித மாலை போட்டு, உருளைக்கிழங்கு வடை சுட்டு, மூடப்பட்டவற்றின் பெயர்களை ஒருவர் எழுந்து நின்று வாசிப்பார். அந்த ஒருவர் எப்போதும் சற்குணம்தான். அவருக்கு அதில் ஓர் இருண்ட மகிழ்ச்சி இருந்தது.

அந்த வருஷம் மூச்சிழைக்கே கடிதம் வந்தது. தொண்ணூறு நாள் கெடு. அதற்குப் பதிலாக ‘உயிரிழை’ என்று ஒன்று தயாராக இருந்தது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு தடவை விரல் வைத்தால் நுரையீரல் தானே மாறிக்கொள்ளும். பக்கத்து வீட்டு ஹாஜாவும் நிரலர்தான், அவர் நெஞ்சிலும் மூச்சிழைதான். அன்றைக்கே விரல் வைத்துவிட்டு வந்தார்.

“படிச்சுப் பாத்தியா?” என்றார் சற்குணம்.

“நாப்பது பக்கம்ணே. யாரு படிப்பா?”

“இது எத்தனை வருஷத்துக்குன்னாவது போட்டிருக்கானா?”

“இப்ப மூச்சு ஓடுதுல்லண்ணே? அது போதும்.” ஹாஜா சிரித்தார். “ஊரோட ஒத்து வாழணும்னு சும்மாவா சொன்னாங்க? அண்ணிக்கும் மாத்தி விடுங்க. தினம் காலையில அந்த நாலு விநாடி, சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்கே பக்குன்னு இருக்கு.”

சற்குணம் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்து முடித்து மூடி வைத்தார். பின்னால் நீளமாக ஒரு பட்டியல் இருந்தது. தேடகத்தின் ஒரு வரிகூடத் தன் வீட்டில் இல்லாதபோது அது தனக்கு எதற்கு என்று நினைத்தார்.

கெடு முடிந்த மறுநாள் ஆறு மணிச் சங்கு ஊதியது. சற்குணம் எழுந்து நுரையீரலை நிறுத்தினார். நான்கு விநாடி ஆயிற்று. பலகை இருட்டாக இருந்தது. எட்டு விநாடி ஆயிற்று. வேதவல்லி கூரையிலிருந்து பார்வையை இறக்கி அவரைப் பார்த்தாள். மறுபடி இயக்கினார், பலகை அப்படியே இருந்தது. அவள் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் சுவரில் ஓங்கி ஓங்கித் தட்டினார்.

ஹாஜா லுங்கியோடு ஓடிவந்தார். எல்லா வீட்டிலும் அவசரத்துக்குத் தொங்கும் கைத்துருத்தியை எடுத்து அவள் வாயில் பொருத்தி அமுக்கத் தொடங்கினார். அது போதாது, பத்துக்கு இரண்டு மூச்சுதான் உள்ளே போகும். சற்குணம் பன்னிரண்டாயிரம் வரியையும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தார். எல்லாம் அவர் பெற்ற பிள்ளைகள், ஒன்றும் பிசகவில்லை. தெருவில் எல்லோருடைய நெஞ்சும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, உதடு நீலம் பாரிச்சிருச்சு! மாத்துங்கண்ணே, மாத்தித் தொலைங்க!”

என்ன செய்வதென்று தெரியாதபோது மனிதர்கள் செய்வதையே சற்குணமும் செய்தார். தேடுபெட்டியில் ‘நுரையீரல் ஓடவில்லை’ என்று அடித்தார். ‘கவலை வேண்டாம், உயிரிழைக்கு மாறுங்கள்’ என்றது முதல் விடை. கீழே நாற்பது பக்கம், அதன் கீழே விரல் வைக்கும் கட்டம். அவள் பெருவிரலைப் பிடித்துத் தானே அதன்மேல் அழுத்தினார்.

மூன்று விநாடியில் காற்று ஓடியது. இழுத்து இழுத்து மூச்சு விட்ட வேதவல்லியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாய்விட்டு அழுதார்.

உயிர் மிஞ்சியது. இடது கை விரல்கள் மிஞ்சவில்லை. மூளைக்குக் காற்றில்லாமல் போன அந்த நான்கைந்து நிமிஷம் விரல்களின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. காப்பியை இனி வலது கையால்தான் பிடிக்க வேண்டும் என்றார் மருத்துவர். காலையில் நிறுத்தி ஓட்டும் வேலையும் இல்லாமல் போனது. ஆறு மணிச் சங்குக்கு விழித்துக்கொண்டு சற்குணம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பதினாறாம் நாள் வந்தது. மூச்சிழையின் சின்னத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். வர மனமில்லாதவரை ஹாஜாதான் இழுத்து வந்து நிறுத்தினார். சற்குணம் தேடகத்தின் கடிதத்தை எடுத்து, தான் படிக்காமல் விட்ட பட்டியலை வழக்கம்போல் உரத்த குரலில் வாசித்தார். மூச்சிழையோடு மூடப்பட்டவை மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் “போய்ச் சேர்ந்தது” என்று சொல்லிச் சிரித்தது.

முப்பத்தெட்டாவது பெயரில் அவர் குரல் நின்றது.

“என்னண்ணே?”

“தமிழ் எழுத்துரு வழங்கி,” என்றார் சற்குணம். எல்லோரும் சிரிக்க மறந்து அவரைப் பார்த்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் வேதவல்லி, “இந்த ‘ந’ கால் ஒடிஞ்ச மாதிரி இருக்கு, அழகா மாத்துங்களேன்” என்று கேட்டிருந்தாள். அவர் தேடுபெட்டியில் ‘அழகான தமிழ் எழுத்துரு’ என்று தேடி, முதலில் வந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டினார். ஒரே ஒரு வரி. அது எழுத்தின் உருவத்தை ஒவ்வொரு நாள் காலையிலும் தேடகத்திடம் போய்க் கேட்டு வாங்கி வரும் வரி என்பது அவருக்குத் தெரியாததல்ல. எழுத்துதானே என்று விட்டுவிட்டார். பலகையில் ‘நலம்’ என்ற சொல் எழுந்த பிறகே காற்று ஓட வேண்டும் என்று, அதிக எச்சரிக்கையாக, எழுதிவைத்தவரும் அவரே. எழுத்து வரவில்லை, சொல் எழவில்லை, காற்று வாசலிலேயே நின்றுவிட்டது.

அந்த வரியை அழித்திருந்தால் போதும்.

அவர் காரியத்தைப் பாதியில் விட்டு வீட்டுக்கு ஓடினார். பழைய நிரலின் நகல் இருந்தது. வரியை அழித்துவிட்டு மனைவியின் நெஞ்சில் ஏற்றப் பார்த்தார். பலகை மறுத்தது. அப்போதுதான் அந்த நாற்பது பக்கத்தைப் படித்தார். முப்பத்தொன்றாம் பக்கம்: உயிரிழைக்கு மாறிய உறுப்பு வேறு நிரலை ஏற்காது. முப்பத்திரண்டாம் பக்கம்: இச்சேவை குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படும்.

வேதவல்லி வலது கையில் காப்பியோடு அவர் பின்னால் வந்து நின்றாள். அவளும் அந்த வரியைப் படித்தாள்.

“ரெண்டு வருஷம்னா?” என்றாள். “அதுக்கப்புறம் எனக்கு?”

அவர் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

“ஏங்க, உங்களத்தான். வாக்குக் குடுத்தீங்கள்ல?”

“வழி இருக்கும் வேதா. எதுக்கும் ஒரு வழி இருக்கும்.”

அவர் தேடுபெட்டியைத் திறந்தார். ‘தேடகத்தின்’ என்று அடிப்பதற்குள், ‘பிடியிலிருந்து நுரையீரலை விடுவிப்பது எப்படி’ என்று மிச்சத்தைப் பெட்டியே நிரப்பிக் கொடுத்தது. அந்தக் கேள்வியை அன்றைக்கு மட்டும் பதினோராயிரம் பேர் கேட்டிருந்தார்கள். முதல் விடையில் நகலெடுக்கத் தோதாக ஒரே ஒரு வரி இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது.

சற்குணம் அந்த வரியை நகலெடுத்தார்.