பொட்டு இல்லாத கார்ட்

அந்தக் கிராபிக்ஸ் கார்ட்டை மேசையில் வைக்கும்போது ஜெசிதா அதை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்திருந்தாள். செத்த எலியை வாலில் தூக்கி வந்தவள்போல அவள் முகம் சுளித்திருந்தது.

"இதைத்தான் புதுசு எண்டு வித்தவர் அக்கா. இப்ப நான் கள்ளியாம்."

குணலட்சுமி கார்ட்டைத் தொடவில்லை. தேநீர்க் கோப்பையை ஜெசிதாவின் பக்கம் நகர்த்தினாள். கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பல வருடங்கள் துருவிப் பார்த்துவிட்டு, இப்போது யாழ்ப்பாணத்தில் சொந்தமாக விசாரணை வேலை செய்பவள் அவள். அழுகிறவர்களையும் அழுவதுபோல் நடிப்பவர்களையும் ஏராளமாகப் பார்த்திருந்ததால் யாருடைய கண்ணீருக்காகவும் அவசரப்பட மாட்டாள்.

"முதல்லை இருந்து சொல்லும்," என்றாள்.

ஜெசிதா கலியாணங்களுக்குப் போய் வீடியோ எடுத்து, கொழும்புத்துறையில் தன் வீட்டில் இருந்தபடியே தொகுத்துக் கொடுப்பவள். கணினியின் வேகம் போதாமல், சரஸ்வதி பூசையான வாணி விழா முடிந்த அடுத்த கிழமை, பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் கஜானன் கணினி மாளிகைக்குப் புதுக் கிராபிக்ஸ் கார்ட் வாங்கப் போனாள். முதலாளி கஜானன் உள்ளறைக்குள் போய், சீல் ஒட்டிய பெட்டியொன்றை எடுத்துவந்து கொடுத்தான். வீட்டில் கார்ட்டைக் கணினியில் பூட்டியதும் திரை முழுவதும் கோடு கோடாக ஓடியது. மறுநாள் திருப்பிக் கொண்டுபோனாள். கஜானன் கார்ட்டைப் புரட்டி, அதன் தொடர் எண் ஒட்டியிருந்த இடம் சுரண்டப்பட்டிருப்பதைக் காட்டினான். "நான் தந்த புதுசை ஒளிச்சுப்போட்டு உன்ரை பழசைக் கொண்டு வாறியோ?" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கக் கத்தினான். அன்று பின்னேரமே கடைக் கமராவில் பதிந்த அவளுடைய முகத்தை முகநூலில் போட்டான். 'இந்தக் கள்ளியிடம் கவனம்' என்று மேலே எழுதியிருந்தான். அதன்கீழே, அவளை ஒருநாளும் கண்டிராத கூட்டமெல்லாம் வந்து காறித் துப்பிவிட்டுப் போயிருந்தது.

"ரெண்டு கலியாண வீட்டுக்காரர் வேண்டாம் எண்டிட்டினம். மற்றவையும் போன் எடுக்கினமில்லை. கள்ளியெண்ட பேரோடை நான் ஆரின்ரை கலியாணத்துக்குப் போய் நிக்கிறது?"

பக்கத்துக் கதிரையில் இருந்த ஜெயசுதன் எழுந்துவிட்டான். அடுத்த வீட்டுக்காரன், பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிப்பவன். குணலட்சுமியிடம் யாராவது பிரச்சினையோடு வந்தால், வந்தவரின் செருப்பு வாசலில் கழற்றப்படுமுன் இவன் உள்ளே இருப்பான்.

"பிழை என்ரை அக்கா. நான்தான் அந்தக் கடையைச் சொல்லிவிட்டனான். முகநூலிலை அஞ்சு நட்சத்திரம். நானும் அஞ்சு போட்டனான்."

"என்னத்தைப் பாத்துப் போட்டனீர்?"

"நல்ல உபசரிப்பு. வாணி விழா அண்டைக்கும் போனனான், அவல், கடலை எல்லாம் தந்தவை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை பெரிய கொம்பியூட்டர் ஒண்டு ஓடிக்கொண்டிருந்தது. படம்தான் கொஞ்சம் கோடு கோடா வந்தது. எண்டாலும் என்ன வடிவு!"

"வேறை கடை தெரியாதே?"

"றோயின்ரை கடை இருக்கு. அதுக்கு ரெண்டு நட்சத்திரம்தான் குடுத்தனான். பெட்டியை எங்களுக்கு முன்னாலை உடைச்சு, நம்பரை வாசிச்சுப் பில்லிலை எழுதி, பூட்டி ஓட்டிக் காட்டித்தான் விடுவார். சும்மா நேர மினக்கேடு. சிரிக்கவும் மாட்டார்."

அவல் கடலைக்கு ஐந்து நட்சத்திரம், நேர்மைக்கு இரண்டு. படித்தவன் கடை தெரிவுசெய்த இலட்சணம் இதுதான்.

குணலட்சுமி ஜெசிதாவிடம் திரும்பினாள். "கஜானன் பெட்டியைக் கடையிலை உடைச்சுக் காட்டினவரே?"

"இல்லை. அங்கை உடைச்சா வாரண்டி இல்லை, வீட்டை போய் உடையுங்கோ எண்டவர். பில்லிலையும் நம்பர் எழுதேல்லை. பெட்டி என்னட்டைத்தான் இருக்கு."

குணலட்சுமி பூதக்கண்ணாடியை எடுத்தாள். கார்ட்டின் மேல்தகடு பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. ஆனால் தகட்டின் நடுவில், ஆணி இறங்கியிருக்கும் குழிக்குள் ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. ஊசியால் மெல்லக் கிளறி வெள்ளைக் கடதாசியில் தட்டினாள். மஞ்சள் துகள். அதன் நுனியில் சிவப்பு.

"உங்கடை வீட்டிலை சந்தனம் குங்குமம் பாவிக்கிறனீங்களே?"

"நாங்கள் வேதக்காரர் அக்கா, சேர்ச்சுக்குத்தான் போறது. பாவிக்கிறேல்லை."

ஜெயசுதன் துள்ளினான். "அப்ப வாணி விழாவுக்குப் பொட்டு வைச்ச பழைய கார்ட்! கடையிலை வேலை செய்யிற நிருஷன்தான் மாத்தியிருப்பான். அவனைப் பிடிச்சு உலுக்கினா..."

"ஒருத்தரையும் உலுக்க வேண்டாம். கார்ட்டையும் பெட்டியையும் எடுங்கோ, கடைக்குப் போவம்."

கஜானன் கணினி மாளிகையில் ஊதுபத்தி வாசம் மூக்கை அடைத்தது. சுவரில் 'நேர்மையே எமது மூலதனம்' என்று பொன்னெழுத்துகள். காசுப் பெட்டி, பிரிண்டர், மின்விசிறி, திருப்புளி என்று எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனப் பொட்டும் அதன் நடுவே குங்குமமும் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக் கணினி நிறம் நிறமாக மினுங்கியது. திரையில் விளையாட்டுக் கார் ஒன்று ஒரு கோடும் இல்லாமல் வழுக்கி ஓடியது.

ஜெசிதாவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, குணலட்சுமி கண்ணாடிக்குக் கிட்டப் போய் நிதானமாகப் பார்த்தாள். பிறகு மேசையடியில் நின்ற நிருஷனிடம் கேட்டாள்.

"தம்பி, உந்தப் பெட்டியை ஒருக்காத் திறந்து காட்டலாமே?"

"பூட்டியிருக்கு அக்கா. திறப்பு முதலாளியின்ரை இடுப்பிலை. தூசி தட்டுறதெண்டாலும் அவர்தான் திறப்பார். எங்களை அண்ட விடார்."

நெற்றி நிறையத் திருநீற்றோடு கஜானன் உள்ளிருந்து வந்தான். சிரிப்பு அவனுக்கு முன்னால் வந்தது. "வாங்கோ, வாங்கோ. உதுமாதிரி ஒண்டு செய்து தரட்டே?"

"நல்லாத்தான் இருக்கு. எப்ப செய்தது?"

"வருசம் ஒண்டுக்கு மேலை அக்கா. இண்டைவரைக்கும் உள்ளுக்கு ஒரு சாமான் மாத்தேல்லை. என்ரை சாமான் அவ்வளவு உறுதி."

"வாணி விழாவுக்குப் பொட்டு வைச்சதும் நீங்களோ?"

"வேறை ஆர்? என்ரை கையாலைதான் வைக்கிறது. ஒண்டையும் விட மாட்டன், தெய்வ காரியமெல்லே."

குணலட்சுமி வாசலைப் பார்த்துத் தலையசைத்தாள். கார்ட்டும் பெட்டியுமாக ஜெசிதா உள்ளே வந்தாள். கஜானனின் சிரிப்பு நின்றுவிட்டது. "கள்ளியைக் கூட்டிக்கொண்டு வந்தோ கதைக்கிறியள்?" என்று குரலை உயர்த்தினான். சாமான் வாங்க வந்து நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் கேக்கிறது நல்லம்," என்றாள் குணலட்சுமி. அவள் குரல் ஏறவே இல்லை. "இந்தக் கண்ணாடிக்குள்ளை பாருங்கோ. தாய்ப்பலகையிலை பொட்டு. விசிறியிலை பொட்டு. மின்சாரப் பெட்டியிலை பொட்டு. கிராபிக்ஸ் கார்ட்டிலை மட்டும் பொட்டு இல்லை. தெய்வ காரியத்திலை ஒண்டையும் விடாத மனுசன், நடுவிலை கிடக்கிற பெரிய சாமானை எப்பிடி விட்டவர்?"

"அது... விழுந்திருக்கும்."

"விழேல்லை. வேறை இடத்திலை கிடக்கு." ஜெசிதாவின் கையில் இருந்த கார்ட்டைக் காட்டினாள். "மேல்தகட்டைத் துடைச்சனீங்கள். ஆணிக்குழிக்குள்ளை சந்தனம் ஒட்டிக்கிடக்கிறதைக் காணேல்லை. வாணி விழா அண்டைக்கு உந்தத் திரையிலை கோடு ஓடினதை ஜெயசுதன் மாஸ்டர் கண்டவர். இப்ப அங்கை கோடு இல்லை. அதே கோடு ஜெசிதா வீட்டுத் திரையிலை ஓடுது. பழுதான கார்ட் தானா நடந்து கொழும்புத்துறைக்குப் போகேல்லை. புதுசைக் கண்ணாடிக்குள்ளை பூட்டிப்போட்டு, பழசைப் புதுப் பெட்டிக்குள்ளை வைச்சு, புது சீல் ஒட்டிக் குடுத்திருக்கிறியள்."

ஜெயசுதன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "அப்ப ஏன் அக்கா புதுசுக்கும் ஒரு பொட்டு வைக்கேல்லை? வைச்சிருந்தாத் தப்பியிருப்பாரே!"

"வாணி விழா முடிஞ்சாப் பிறகு சாமானுக்கு ஆர் பொட்டு வைக்கிறது? எங்கடை ஆக்களுக்கு அந்த எண்ணமே வராது. அழிக்க ஞாபகம் வந்தது, வைக்க வரேல்லை."

கஜானன் சட்டென்று நிருஷன் பக்கம் பாய்ந்தான். "டேய், நீயோடா உந்த வேலை பாத்தனீ? உனக்குச் சோறு போட்டதுக்கு..."

அதுவரை அமைதியாக இருந்த குணலட்சுமியின் முகத்தில் அப்போதுதான் அருவருப்பு வெளிப்படையாகத் தெரிந்தது.

"சீ! திறப்பு உங்கடை இடுப்பிலை தொங்குது. அதை வைச்சுக்கொண்டு வேலைக்காரப் பொடியன்ரை தலையிலை கட்டப் பாக்கிறியள். திறவுங்கோ. ஜெசிதாவின்ரை பெட்டியிலை நம்பர் இருக்கு. பழசின்ரை நம்பரைச் சுரண்டினனீங்கள், புதுசின்ரை நம்பர் உள்ளுக்குப் பத்திரமா இருக்கும்."

வாங்க வந்தவர்களில் ஒருவர், "திறந்து காட்டுமன் ஐசே," என்றார். கஜானன் திறப்பை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். நிருஷன் கார்ட்டைக் கழற்றி அதன் எண்ணை வாசித்தான். ஜெசிதா பெட்டியில் இருந்ததை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். கடைசி இலக்கமும் சரியாக வந்தது.

கஜானன் குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சி, கோவிக்காதையுங்கோ. புதுசைக் கொண்டுபோங்கோ. உந்தப் பதிவையும் இப்பவே அழிச்சு விடுறன்."

"பொம்பிளைக்கு உது விளங்காது எண்டுதானே என்ரை தலையிலை கட்டினனீங்கள்?" என்றாள் ஜெசிதா. "பதிவை அழிக்க வேண்டாம். அழிச்சா, வாசிச்ச சனத்துக்கு நான் எப்பவும் கள்ளிதான். அது அப்பிடியே நிக்கட்டும். அதிலையே, மேலை, செய்தது நீங்கள் எண்டு எழுதுங்கோ."

அவன் எழுதினான். 'தவறுதலாக' என்று தொடங்கியிருந்தான். அந்தச் சொல்லை ஜெசிதா எடுக்கச் சொன்னாள். எடுத்தான். பொலிசுக்குப் போவதா என்பதைப் பிறகு யோசிக்கிறேன் என்று சொல்லி, தான் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு இரண்டு கார்ட்டையும் அவனுடைய மேசையிலேயே போட்டுவிட்டு இறங்கினாள். இந்தக் கடைச் சாமான் எதுவும் இனி அவள் வீட்டுக்குள் வராது.

மூவரும் றோயின் கடைக்குப் போனார்கள். றோய் சிரிக்கவில்லை. பெட்டியை அவர்களுக்கு முன்னால் உடைத்து, "நம்பரை நீங்களும் வாசியுங்கோ. பிறகு வந்து என்னோடை சண்டை பிடிக்கப்படாது," என்று உறுமினான்.

எண்ணைப் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது ஜெசிதாவின் தொலைபேசி அடித்தது. வேண்டாமென்ற இரண்டு கலியாண வீடுகளில் ஒன்றிலிருந்து, மணப்பெண்ணின் தாய். குரலில் தேன் வழிந்தது.

"பிள்ளை, இப்பதான் பாத்தனாங்கள். நாங்கள் அப்பவும் நம்பேல்லை, தெரியுமே? எங்கடை கலியாணத்துக்கு நீர்தானே வாறீர்?"

ஜெசிதா தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அந்தக் கலியாணத் திகதி அவளிடம் இன்னும் வெறுமையாகத்தான் கிடந்தது.

"இல்லை அன்ரி," என்றாள். "அண்டைக்கு எனக்கு வேறை கலியாணம். என்னை நம்பின ஆக்களின்ரை."

பிறகு விட்ட இடத்திலிருந்து எண்ணை வாசித்தாள்.