பதின்மூன்றாம் விளக்கு

அமரவிளை ரோட்டோரக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலில் மெயினை அணைத்தாலும் உள்ளே கும்மிருட்டு. அதற்காகத்தான் சுவரில் பதின்மூன்று அவசர விளக்குகள். கரண்ட் போனால் பேட்டரியில் தானாக எரிய வேண்டும்.

போன மே மாதம்வரை நல்ல பேட்டரி ஐந்துதான் இருந்தது. சோதனைக்கு ஆள் வந்தால் எலக்ட்ரீசியன் நிபின், பார்த்து முடித்த விளக்கின் பேட்டரியைக் கழற்றி, அடுத்த விளக்கில் மாட்ட முன்னால் ஓடுவான். சூப்பர்வைசர் சோமன் வந்தவரிடம் பேச்சுக் கொடுத்து நடையைத் தாமதப்படுத்துவார். பிறகு பதிவேட்டில் 'எல்லாம் எரிகிறது' என்று நிபின் கையெழுத்து.

மே மாதச் சோதனையன்று, இரும்புப் படிக்கு மேலிருந்த விளக்கின் பேட்டரி அவன் பையிலேயே வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் அவன் வருவதற்குள் கரண்ட் போனது. மேல்தட்டிலிருந்து பெட்டியோடு இறங்கிய சுமைக்காரி ஜெயபாய் உருண்டு கழுத்து முறிந்து செத்தாள். படியில் கால் வைக்கும் முன், "வெளிச்சம் உண்டா மக்கா?" என்று கீழே பார்த்துக் கேட்பது அவள் வழக்கம்.

அன்றும் கேட்டிருப்பாள்.

அவள் மகள் ஜோஸ்னா புகார் கொடுத்திருந்தாள். இன்று தொழிலாளர் அதிகாரி வருகிறார்.

"எல்லாத்திலயும் புது பேட்டரி போட்டாச்சில்லா? அன்னைக்கும் எரிஞ்சுதுன்னு நீ சொன்னா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார் சோமன். "அவ பாத்து இறங்கல்ல. அவளுக்க தப்பாக்கும்."

"சரி சாரே."

நிபின் மெயினை அணைத்துப் பார்த்தான். பன்னிரண்டு எரிந்தன.

படிக்கு மேலே இருட்டு.

ஏறி மூடியைத் திறந்தான். அரைமணி முன்னால் அவன் கையால் மாட்டிய பேட்டரி இல்லை. தோளில் பை கனத்தது. செங்கல் கனத்தில் அது உள்ளே கிடந்தது.

மறுபடி மாட்டினான். கையிலிருந்து ஒரு திருகு நழுவி, படிதோறும் தட்டிக்கொண்டு கீழே போனது. பதினெட்டுப் படி. கடைசிப் படியோடு சத்தம் நிற்கவில்லை.

மெல்ல, ஒவ்வொன்றாக, மேலேறி வந்தது.

கூடவே ஜெயபாய் முட்டுவலிக்குப் பூசும் தைலத்தின் வாசனை.

அவன் விழுந்தடித்து இறங்கினான்.

பதினொரு மணிக்கு அதிகாரி ஜோஸ்னாவோடு வந்தார். மெயின் அணைந்தது. பன்னிரண்டு எரிந்தன.

"மேல உள்ளது எரியல்லியே?" என்றார் அதிகாரி.

"எலே, பேட்டரி எங்க?" சோமன் நிபினின் காதைக் கடித்தார்.

பையின் வார் அவன் தோளை அறுத்தது. மேல்படியில் யாரோ நின்றார்கள்.

"வெளிச்சம் உண்டா மக்கா?"

மற்றவர்கள் முகத்தில் மாற்றமே இல்லை. அவனுக்கு மட்டும்தான் கேட்டது. உண்டு என்று சொன்னால் அவள் இறங்குவாள்.

"இல்ல அக்கா!" என்று கத்தினான். "இறங்காதீங்க. அன்னைக்கும் இல்ல. பேட்டரி எனக்க பையில ஆக்கும்."

அதிகாரி பையைத் திறந்து பேட்டரியை எடுத்தார். உறையில் போட்டு முத்திரை வைத்தார். "இவன் செய்தது ஒண்ணும் எனக்குத் தெரியாது," என்று சோமன் சத்தியம் செய்தார். நிபினுக்கு அன்றோடு வேலை போனது.

வாசலில் ஜோஸ்னா வழிமறித்தாள். "இதச் சொல்ல உங்களுக்கு இத்தன மாசம் வேணுமா?"

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினான்.

வெள்ளறடை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டான். பஸ் ரப்பர் தோட்டத்து நிழலுக்குள் நுழைந்தது.

பை கனத்தது.

துணி வழியாகத் தொடையில் சூடு ஏறியது. தைலம் மணத்தது. அவன் திறந்து பார்க்கவில்லை.

இந்தத் தடவை அதை எங்கே கொண்டுபோய் மாட்டுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.